பலெர்மோவில் ஒரு சவுனாவின் கடைசி மாதம்

சித்தி வீட்டுப் பல்கனியில் முதலில் என் கண்ணில் பட்டவை துவாய்கள். எல்லாம் ஒரே மண்ணிறம், ஒரே அளவு. முப்பதுக்கு மேல் இருக்கும். தனியாக வசிக்கும் ஒருவருக்கு இத்தனை துவாய் எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்குக் கேள்வி கேட்பது சுலபமில்லை.

பெப்ரவரியில் சித்தி தன் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பத்து நாளைக்கு அவருடைய துப்புரவு வேலையைச் செய்ய ஆள் வேண்டும் என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். எனக்குப் பத்தொன்பது வயது. பதினாறில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து கத்தானியாவில் அம்மாவுடன் வீடுகள் துடைக்கிறேன். ஆகவே நான் போனேன். என் பயணப் பதிவுகளில் இதைச் சித்தியின் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கத்தானியாவிலிருந்து காலை ஒன்பது மணி பஸ். என்னிடம் 14 யூரோ எடுத்தார்கள். தீவின் நடுவால் போகும், இரண்டு மணி நாற்பது நிமிடம். ரயிலை விட இதுதான் நல்லது. மலைப் பகுதியில் தொலைபேசி வேலை செய்யாது. முன்கூட்டியே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். பலெர்மோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் பல்லாரோ சந்தை நடந்துபோகும் தூரம். சித்தி அந்தச் சந்தைக்குப் பின்னால் இருக்கிறார். பை கனமில்லாவிட்டால் டாக்ஸி வேண்டாம்.

அன்று பின்னேரம் தேநீர் குடிக்கும்போது சித்தி சொன்னார்.

“பிள்ளை, நான் வேலை செய்யிறது ஹோட்டல் இல்லை. சவுனா. ஆம்பிளையள் மட்டும் போறது. ஆம்பிளையளை விரும்பிற ஆம்பிளையள்.”

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“காலமைதான் எங்களுக்கு வேலை. அப்ப ஒருத்தரும் இருக்கமாட்டினம். பயப்பிடாதை. நாலு வருசத்திலை ஒருத்தரும் எனக்கு ஒரு கெட்ட சொல் சொல்லேல்லை அங்கை. முந்தி வேலை செய்த வீட்டிலை, வீட்டுக்கார அம்மா, அந்தச் சிஞோரான்ரை புருசன் சொன்னவன்.”

இடம் வுச்சீரியா என்ற இன்னொரு பழைய சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கை. வெளியே பெயர்ப்பலகை இல்லை, ஒரு அழைப்பு மணி மட்டும். காலை ஒன்பதிலிருந்து பகல் ஒரு மணிவரை நான் நிலம் கழுவினேன், அலுமாரிகளைத் துடைத்தேன், நீராவி அறையின் சுவரைத் தேய்த்தேன். விளக்கு முழுவதையும் போட்டால் அது ஒரு பழைய நீச்சல் குளத்தின் உடை மாற்றும் அறை போலத்தான் இருக்கும். ஈரச் சுவர், குளோரின் மணம், உடைந்த ஓடுகள். சித்தி ஒரு கதிரையில் கட்டுப் போட்ட கையோடு இருந்து, “அந்த மூலை, அந்த மூலை” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளி நீனோவுக்கு எழுபது வயதிருக்கும். உள்ளேயும் கோட் போட்டிருப்பார், ஏனென்றால் திறப்பதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்புதான் கொதிகலனைப் போடுவார். முன்பு அது நாள் முழுவதும் ஓடியதாம். எரிவாயு விலை ஏறியதும் சுடுநீர்த் தொட்டி இரண்டில் ஒன்றை மூடினார். பிறகு சலவைக் கம்பனியை நிறுத்தினார். உலர்த்தும் இயந்திரம் மின்சாரம் குடிக்கிறது என்று அதையும் நிறுத்தினார். துவாய்கள் அங்கே கழுவப்பட்டு சித்தியின் பல்கனிக்குக் காய வருவது அதனால்தான்.

ஈரத் துவாய் மூட்டையைத் தூக்குகிறவர் மார்சியோ. பிரேசில்காரர், நாற்பதுக்குக் கிட்ட. காசு வாங்கிக்கொண்டு ஆண்களுக்குத் துணையாக இருப்பது அவர் தொழில். இதை அவரே, தச்சன் என்று சொல்வதுபோல, முதல் நாளே சொன்னார். நான் முகம் சிவந்து துவாய் மடித்தேன். அவர் எதிரே இருந்து மற்ற முனையைப் பிடித்தார். இத்தாலிய மொழியில் அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

“முந்தி இந்தச் சுவருக்கு அங்காலை எனக்கு ஒரு அறை இருந்தது. இப்ப அதிலை டூரிஸ்ட் ஆக்கள். நான் ஒரு மாசத்துக்குக் குடுத்ததை அவையள் நாலு நாளிலை குடுக்கினம். நான் இப்ப நகரத்துக்கு வெளியிலை, ஒரு மணித்தியால பஸ்.”

“ஆக்கள் வாறேல்லையோ?” என்று கேட்டேன். அதுதான் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

“வாறாங்கள். ஃபோனிலை வாறாங்கள். மூண்டு நாள் கதைச்சு, விலை கேட்டு, குறைக்கச் சொல்லி, பிறகு பேசாமல் போயிடுவாங்கள். இஞ்சை முந்தி கிழவர்கள் கதைக்கிறதுக்கெண்டே வந்து இருப்பினம். நுழைவுச் சீட்டு விலை ஏற ஏற அவையள்தான் முதல் வராமல் நிண்டது. பென்சன்காரர்.” ஒரு துவாயை உதறினார். “பொடியங்கள் பார்ட்டிக்கு மிலானுக்குப் போறாங்கள். விமானச் சீட்டு என்ரை பஸ் பாசை விட மலிவு.”

பல்லாரோ சந்தை தொடங்கும் மூலையில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு மேல் நானும் சித்தியும் இழுப்போம். தமிழர் யாராவது அவரோடு பார்த்துவிடுவார்கள் என்று சித்திக்குப் பயம். மார்சியோவுக்கு அது தெரியும்.

“துவாயை வீட்டுக்குள்ளை விடுறா, என்னை விடமாட்டா,” என்று ஒருநாள் சிரித்தார்.

சித்தியும் சிரித்தார். “துவாய் கோயிலுக்கு வந்து கதைக்காது, மார்சியோ.”

நான்காம் நாள் நீனோ எங்களைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். கட்டடத்தின் சொந்தக்காரன் குத்தகையைப் புதுப்பிக்கவில்லை. மேல் மாடிகளைப்போல இதையும் டூரிஸ்ட் அறைகளாக்கப் போகிறான். மார்ச் கடைசியில் மூடுகிறார்.

“உன்ரை பெர்மெஸ்ஸோ என்ன மாதிரி?” என்று சித்தியைக் கேட்டார்.

“இன்னும் அனுப்பேல்லை.”

“உனக்கு விசரே? நான் திறந்திருக்கும் மட்டும்தான் என்ரை கையெழுத்துக்குப் பெறுமதி. இந்தக் கிழமையே அனுப்பு.” அன்றே வேலை ஒப்பந்தத்தின் பிரதி, சம்பளத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுத் தந்தார்.

பெர்மெஸ்ஸோ என்பது இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை. சித்தியுடையது ஏற்கெனவே முடிந்துவிட்டது. முடிந்தபின் அறுபது நாளுக்குள் புதுப்பிக்கச் சொல்லி போஸ்ட் ஒபிஸ் மூலம் அனுப்ப வேண்டும். அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஏன் அனுப்பவில்லை என்று அன்று சித்தி சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழர் போகும் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிய, சித்தி என்னை ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போனார். நகரின் நடுவிலுள்ள பொலிதேயாமா சதுக்கத்திலிருந்து 101 பஸ், இறங்கி 628 பஸ். காத்திருந்ததோடு ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. ஞாயிறுகளில் பஸ் குறைவு. திரும்பி வரும் நேரத்தைப் போகும்போதே சாரதியிடம் கேட்டுவையுங்கள். கடலோரம் முழுவதும் மீன் உணவகங்கள். நாங்கள் அவற்றுக்குள் போகவில்லை. கடலைமாப் பொரியல் வைத்த பாண் இரண்டு 6 யூரோவுக்கு வாங்கி வள்ளங்களுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். நல்ல காற்று. சுற்றிலும் ஒரு தமிழரும் இல்லை. அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்று எனக்குப் பிறகு விளங்கியது.

“தெரேசா அக்காதான் எல்லாருக்கும் பெர்மெஸ்ஸோ ஃபோம் நிரப்பிறவ,” என்றார் சித்தி. “கோயில் அறையிலை, புதன்கிழமையிலை. எங்கை வேலை எண்டு கேட்டா. பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞோரா வீட்டிலை எண்டு சொல்லிப்போட்டன். அவ அப்பிடியே நிரப்பி வைச்சிருக்கிறா. இப்ப ஒப்பந்தம் கேக்கிறா. ஒவ்வொரு கிழமையும் சிஞோரா ஊரிலை இல்லை, சிஞோரா ஊரிலை இல்லை எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்.”

“வேறை ஆக்களைக் கொண்டு நிரப்பலாம்தானே சித்தி?”

“வேறை இடத்திலை நிரப்பினாலும் அவ கேப்பா, என்னெண்டு முடிஞ்சது, என்ன வேலை காட்டினனீ எண்டு. மன்னார்ச் சனம் முழுக்க அந்த அறையிலைதான் இருக்கும்.” பாணை மடித்து வைத்தார். “நான் அங்கை வேலை செய்ய வெக்கப்படேல்லை, டிலானி. நான் சொன்ன பொய்தான் வெக்கம். எனக்கு வாய் வராது. நீ போய்ச் சொல்லுவியோ?”

எனக்குப் பாண் வாங்கவே வாய் வராது. அதையும் சித்திதான் வாங்கினார். ஆனால் அவருடைய கையில் கட்டு, எதிரே கடல், பையில் நீனோ தந்த உறை. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படியான பயணம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பலெர்மோவின் நடுவில் தங்குவதற்கு அறை தேடினால் ஏராளமாகக் கிடைக்கும். அந்த அறையில் முன்பு யார் இருந்தார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நகர பஸ் சீட்டைப் பெட்டிக்கடையில் வாங்குங்கள், 1 யூரோ 40 சதம். இரவு வாழ்க்கை பார்க்க வருகிற ஆண்களும் என் பதிவுகளை வாசிப்பதாகத் தெரியும். பழைய பட்டியல்களை நம்பி வராதீர்கள்; அவற்றிலுள்ள இடங்களில் சில வெள்ளி, சனியில் மட்டும்தான் திறக்கின்றன, சில இல்லவே இல்லை. போகிற இடத்தில் பேரம் பேசாதீர்கள். வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் வேலையின் உண்மைப் பெயரை ஃபோமில் முதல் நாளே எழுதுங்கள். இடம் மூடுகிறபோது பொய்யைத் திருத்த நேரம் இருக்காது. இந்த ஊர் அழகுதான். எனக்குக் களைப்பாக இருந்தது, அதனால் அதிகம் பார்க்கவில்லை.

புதன்கிழமை மூன்றரைக்குக் கோயில் அறைக்குப் போனேன். வாங்கில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். என் முறை வந்ததும் சித்திக்காக வந்திருக்கிறேன் என்று சொல்லி உறையைத் தெரேசா அக்காவின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒருமுறை வாசித்து, முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

“இது சவுனா எல்லோ?”

“ஓம் அக்கா.”

“அந்த ஆம்பிளையள் போறது?”

“ஓம் அக்கா. சித்தி அங்கைதான் துப்பரவாக்கிறவ. நாலு வருசமா.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன். இந்த முறை வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

“அப்ப சிஞோரா?”

“அப்பிடி ஒராள் இல்லை.”

தெரேசா அக்கா கண்ணாடியைக் கழற்றினார். “அந்தச் சிஞோராவுக்கு முழங்கால் ஒப்பரேசன் எண்டு உன்ரை சித்தி சொன்னவள். நான் ரெண்டு கிழமை செபமாலை சொன்னனான்.”

வாங்கில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மற்றவள் சிரிக்கவில்லை, என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். தெரேசா அக்கா நிரப்பி வைத்திருந்த தாளைக் கிழித்தார், புதிய ஒன்றை எடுத்தார்.

“கிழமைக்கு எத்தினை மணித்தியாலம்?”

“இருபத்திநாலு.”

எழுதி முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. வேறொன்றும் கேட்கவில்லை. ஃபோமையும் உறைக்குள் வைத்துத் திருப்பித் தரும்போது, “பூசைக்கு வரச்சொல்லு, ஒளிக்க வேண்டாம் எண்டு சொல்லு,” என்றார்.

வெளியே வந்து சித்திக்கு அழைத்தேன்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது.”

“ஆர் ஆர் இருந்தவை?”

இரண்டு பேர் என்றேன். தெரேசா அக்கா அவர்களைக் கூப்பிட்ட பெயர்களையும் சொன்னேன். சந்தையில் யாரோ விலை கூவுவது அவருடைய பக்கத்திலிருந்து கேட்டது.

“சரி,” என்றார். “போஸ்ட் ஒபிஸ் பூட்ட முன்னம் போய் நம்பர் எடு, நான் பாஸ்போட்டோடை வாறன்.”

நான் போஸ்ட் ஒபிசுக்கு ஓடிப்போய் வரிசைக்கான நம்பர்த் துண்டு எடுத்தேன்.