மைக் இல்லாத வெள்ளிக்கிழமை

மின்விசிறி நிற்பதற்கென்று ஒரு சத்தம் இருக்கிறது. ஓடும்போது காதில் விழாத இரைச்சல், மின்சாரம் போனதும் மெல்லத் தணியும். கடைசியில் இறக்கை ஒரு முனகல் முனகும். பிறகு ஊரே எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்: சாலையின் ஹாரன், காக்கை, யார் வீட்டுக் குழந்தையோ. எத்தனையோ வாடகை வீடுகள் மாறிவிட்டேன். அந்தச் சத்தம் கேட்டால் இன்றும் நான் அந்த ஒரு நாளில்தான் போய் நிற்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம், தாம்பரத்தில் எங்கள் கிறிஸ்தவக் கோவில், ஒரு பெரிய வெள்ளியின் உச்சி வெயில்.

அதற்கு முந்தைய வருடம் என் மகன் இறந்துபோனான். மூளைக்காய்ச்சல். மூன்று வயது. இதற்குமேல் அதை எழுத மாட்டேன். எழுதி அழகாக்கிவிடுவேனோ என்று என் கைமேல் எனக்கே சந்தேகம். அடக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தச் சின்னப் பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது எனக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வாய் திறந்தது. உடனே எங்கள் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர் ஆன்ட்டி கைக்குட்டையை மடித்து என் வாயில் வைத்து அழுத்தினார். அன்பாகத்தான்.

"கத்தாதம்மா. நம்பிக்கை இல்லாதவங்கதான் ஒப்பாரி வைப்பாங்க. நமக்குப் பரலோகம் இருக்கு."

சுற்றி நின்றவர்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள். மண்ணைத் தள்ளுவதுபோலப் பாட்டைத் தள்ளி என்னை மூடினார்கள்.

மூடியது உள்ளேயே கிடந்தது. எனக்குக் கிண்டியில் வேலை, தினமும் மின்சார ரயில். வண்டி வரும்போது தண்டவாளத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நடைமேடைத் தூண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் கணவர் எதுவும் கேட்கவில்லை, ஆனால் காலையில் என்னோடு ஸ்டேஷன்வரை வருவதை ஒரு நாளும் விடவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. கோவிலுக்கும் போனேன், பழக்கத்தில். ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடும்போது நான் திறந்தே வைத்திருப்பேன். கடவுளுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

சிலுவையில் தொங்கிக்கொண்டு இயேசு ஏழு முறை பேசினார். பெரிய வெள்ளி அன்று பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை நடக்கும் ஆராதனையில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒருவர் பீடமேறிப் பேச வேண்டும். தாயைப் பார்த்து அவர் சொன்ன மூன்றாவது வார்த்தை, யாரும் எழுதிவைக்காத சட்டப்படி, பெண்களுக்கு. தகப்பனாகிய கடவுளைப் பார்த்து ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்ட நாலாவது, எப்போதும் போதகருக்கு. கூரான சாமான், வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள்.

பெரிய வெள்ளிக்குச் சில வாரம் முன்பு ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். "இந்த வருஷம் மூணாவது வார்த்தைய நீ பேசு. மரியாளும் மகனைப் பறிகொடுத்தவங்கதானே. உனக்கும் ஆறுதலா இருக்கும்."

"எனக்கு நாலாவது வேணும் ஆன்ட்டி."

"அது பாஸ்டர் எடுக்கிறது."

"பாஸ்டர் எந்தப் புள்ளையப் பறிகொடுத்தாரு?"

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "நல்லா இருக்குடியம்மா பேச்சு. பொம்பளைங்க பீடத்துல ஏறுறதுக்கே கமிட்டியில எவ்வளவு சண்டை போட்டோம் தெரியுமா? மடத்தைப் பிடுங்கப் பாக்கிறியே!"

நானே போதகரிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் நிதானமாகத் துடைத்தார். "தரேன். ஆனா முடிக்கும்போது உயிர்த்தெழுதல்ல கொண்டுவந்து முடிக்கணும். ஜனங்க நம்பிக்கையோட வீட்டுக்குப் போகணும் இல்லையா?"

"ஐயா, அன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயித்துக்கிழமை ஈஸ்டர் வரட்டும், அப்ப பாத்துக்கலாம்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சரி என்றார். ஏன் சரி என்றார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று கோவில் முழுக்க வெள்ளைச் சேலைகள். மூன்றாவது வார்த்தையை ஆன்ட்டியே பேசி முடித்து, என்னைப் பார்க்காமல் இறங்கினார். நான் ஏறினேன். ஏறி நின்றதும் மின்சாரம் போனது. விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மைக்கைத் தட்டிப் பார்த்தேன், செத்திருந்தது. எனக்குத் தெரிந்த குரலில், அந்த ஒரு வருடத்து அடங்கிய குரலில், ஆரம்பித்தேன்.

பின்வரிசையில் ஒரு பெரியவர். லாரி ஷெட்டில் உழைத்துக் காதைத் தொலைத்தவர். "இன்னாம்மா, வாய்க்குள்ளயே பேசிகினு கீற? ஒண்ணியும் கேக்கல!"

யாரோ அவரை உஸ்ஸென்று அடக்கப் பார்த்தார்கள்.

"இன்னாத்துக்கு உஸ்ஸு? கேக்கலன்னா கேக்கலன்னுதான சொல்லுவாங்க. சத்தமா பேசு தாயீ!"

கோவிலுக்குள் ஒருவர் என்னைச் சத்தம் போடச் சொன்னார்.

போட்டேன். ஏன் என்று கேட்டேன். ஓட்டுக் கூரை அதைத் திருப்பி எறிந்தது. மறுபடியும் கேட்டேன். "மூணு வயசுப் புள்ளைகிட்ட உமக்கு என்ன வேலை? அவன் உம்மை என்ன செஞ்சான்? எங்க போயிருந்தீர்?" நடுவில்தான் கவனித்தேன், நான் சபையோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. பேச்சை நிறுத்தியவள், கடவுளைக் கூப்பிட்டு வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சண்டை போட ஆள் இருந்தது. கைக்குட்டைக்குப் பின்னால் கிடந்ததெல்லாம் வந்தது, அழுகையும் எச்சிலும் ஒன்றாக. கடைசியில் இப்படிச் சொன்னேன்: "சிலுவையில அவர் கேட்ட கேள்விக்கு மேலயிருந்து அன்னைக்கு ஒரு பதிலும் வரல. எனக்கும் வரல. பதில் வராத இடத்துல எனக்கு முன்னாடியே போய் அவர் தொங்கிக்கிட்டிருக்கார். வேற எங்கேயும் என்னால அவரை நம்ப முடியல. அங்க நம்புறேன்."

உயிர்த்தெழுதலைத் தொடாமல் இறங்கினேன். பாட்டு அறிவிக்கப் போதகர் மறந்துபோனார். ஐந்தாவது வார்த்தை தாகத்தைப் பற்றியது. அதற்கென்று பீடமேறிய வங்கி அதிகாரி முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

விசுவாசம் துக்கத்தைத் துடைத்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். என் துக்கத்துக்கு இப்போதும் மூன்று வயதுதான், வளரவுமில்லை, போகவுமில்லை. தூணைப் பிடிக்க வேண்டிய காலைகள் அதற்குப் பிறகும் வந்தன. பிடித்துக்கொண்டு, அவரைத் திட்டிக்கொண்டு, வண்டியில் ஏறினேன். அது ஜெபமில்லை என்று சொல்ல எந்தக் கமிட்டிக்கும் உரிமை கிடையாது.

அன்று ஆராதனை முடிந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற ஆன்ட்டியின் பக்கத்தில் போய் நின்றேன். அவர் வண்டலூர் போக வேண்டும்.

"பீடத்துல நின்னு அப்படியா கத்துவாங்க?" என்றார், சாலையைப் பார்த்தபடி.

"கேக்கலன்னு சொன்னாங்களே ஆன்ட்டி."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். "எனக்குக் கல்யாணமாகி ரெண்டாவது வருஷம்..." என்று ஆரம்பித்தார். பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் முட்டி மோதி ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டினார். கண்கள் சிவந்திருந்தன, குரல் மட்டும் பழைய அதிகாரத்தில்.

"அடுத்த வருஷம் நாலாவது எனக்கு! இப்பவே சொல்லிட்டேன்!"

பஸ் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு ஓடிக் கத்தினேன்.

"தர மாட்டேன் ஆன்ட்டி! நான் இன்னும் கேட்டு முடிக்கல!"