ஜி.ஐ. பைப்பில் கட்டிய கூண்டு

மூன்றாவது அடியில் ஜாயிண்ட் விட்டுப் போனது. பத்து பவுண்டு சுத்தியல். வைஸ் பிடியில் இறுக்கிய ஒரு முழ நீளப் பைப். அதன் குறுக்கே நான் வைத்த வெல்டிங். தெறித்த துண்டு என் காலருகே வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். வெளியே பார்க்கக் கோடு போட்ட மாதிரி அழகாக இருந்தது. உள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

அதே பைப்பில், அதே வெல்டிங்கில் செய்த கூண்டு ஒன்று பத்தடி தள்ளி நின்ற காருக்குள் இருந்தது. அந்தக் காரைப் பதினோரு நாளில் ஒரு பெண் பந்தயத்தில் ஓட்டப் போகிறாள். பந்தயத்தில் கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரின் தலையைக் காப்பதற்குத்தான் அந்தக் கூண்டு. முந்தின நாள்தான் அவளுடைய அம்மாவிடம் "பாப்பாவுக்கு நான் கேரண்டி" என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். என் பெருமையைப் பேச எழுதவில்லை. இதில் பெருமைப்பட எனக்கு அதிகம் கிடையாது.

1. டிரைவிங் ஸ்கூல் கார்

நான் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் படகு வெல்டர். சொந்த ஊர் திருவேட்டக்குடி. விசைப்படகுக்குக் கைப்பிடி, பந்தல் சட்டம், வலை இழுக்கும் வின்ச்சை உட்காரவைக்க அடிச்சட்டம், இதெல்லாம் என் வேலை. காருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. ஏறிப் போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் பெண், தேன்மொழி, வந்தது தடைக்காலத்தில். படகுகள் கடலுக்குப் போகக் கூடாத அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்கு மூச்சு முட்ட வேலை இருக்கும். எல்லாப் படகும் கரையில் ஏறி நிற்கும், எல்லா முதலாளியும் என் தலையில் ஏறி நிற்பார்கள். அந்த நேரத்தில் ஒரு வெள்ளை நிறச் சின்னக் கார் பட்டறைக்குள் வந்து நின்றது. எண்ணூறு சிசி. கதவில் சிவப்பு 'எல்' உரித்தெடுத்த தடம் அப்படியே தெரிந்தது.

இறங்கிய பெண்ணுக்கு இருபத்தேழு வயது இருக்கும். வரிச்சிக்குடி. காரைக்காலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாள். ஸ்கூலில் கழித்துக் கட்டிய காரை அவளே வாங்கிக்கொண்டாளாம்.

"அண்ணே, இதுக்கு ரோல் கேஜ் போடணும். மண் டிராக்ல ஓட்டப் போறேன்."

"எதுக்கும்மா?"

"ஆறு வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து, ரெண்டாவது கியருக்கு மேல போகாதீங்க, போகாதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன் அண்ணே. எனக்கும் ஒரு நாளாவது மூணாவது கியர் போடணும்ல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் சுபாவம். வேலை நெருக்கடியில் வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் விரட்டியிருப்பேன். அந்தப் பதிலுக்குச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எப்படி விரட்டுவது?

2. கடல் காற்றுக்கு ஜி.ஐ.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். அவள் பின் சீட், ஏசி, கதவு உள்பக்க அட்டை, தரை விரிப்பு எல்லாவற்றையும் கழற்றினாள். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக் கொடுப்பவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். அதைக் கழற்றும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினாள். "இது என்னை எத்தனை தடவை காப்பாத்தியிருக்கு தெரியுமா அண்ணே" என்றாள். விரிப்பை எடுத்ததும் தரைத் தகடு துருப்பிடித்து விரல் போகும் அளவுக்கு ஓட்டை. அந்த இடங்களை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்தேன். இன்ஜினுக்கு அடியில் கல் படாமல் இருக்க ஒரு சம்ப் கார்டு செய்தேன். படகின் அடிப்பக்க வேலை செய்தவனுக்கு அது விளையாட்டு மாதிரி.

கூண்டுக்குப் பைப் வேண்டும் என்று வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. எங்கள் துறைமுகத்தில் பைப் என்றால் ஜி.ஐ. பைப்தான், அதாவது துத்தநாகம் பூசியது. கறுப்புப் பைப்பை யாராவது கொண்டுவந்தால் திட்டுவோம். கடல் காற்றில் ஒரே வாரத்தில் துரு ஏறிவிடும். துருப்பிடிக்காத பைப்தான் நல்ல பைப் என்று என் கைக்குப் பழகிவிட்டது. தேன்மொழி வைத்திருந்த பந்தய விதிப் புத்தகத்தில் பைப்பைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. "அளவு சரியா இருக்குல்ல, போதும்மா" என்று மூடி வைத்துவிட்டேன்.

ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும். பூச்சு எரிகிற புகை. தொண்டை கரகரக்கும். நாங்கள் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு அடுத்த ஜாயிண்டுக்குப் போவோம். அந்தப் புகை தொண்டைக்குள் மட்டும் போகவில்லை, வெல்டிங்குக்குள்ளும் போகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. படகுக் கைப்பிடியில் மனிதன் சாய்ந்து நிற்பான், அவ்வளவுதான். அந்த வெல்டிங்கை யாரும் தலைகீழாகப் போட்டு அடித்துப் பார்ப்பதில்லை.

3. ஒரு பிடி விதைநெல்

கூண்டு முடிந்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே நீலப் பெயிண்டும் அடித்தாகிவிட்டது. தேன்மொழி அவளுடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சரோஜா அம்மாவுக்கு வரிச்சிக்குடியில் கொஞ்சம் நிலம், நெல் சாகுபடி. கணவர் இல்லை. மகள் பந்தயம் ஓட்டுவதில் துளியும் இஷ்டமில்லை. கூண்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று வந்திருந்தார்.

காரைச் சுற்றி வந்தார். பைப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அண்ணே, எனக்கு இந்த ரேஸு கீஸு ஒண்ணும் புரியாது. வெத நெல்லு வாங்குனா நாங்க ஒரு பிடி எடுத்து ஊற வச்சு, துணியில முடிஞ்சு வைப்போம். மொளப்பு பாத்துட்டுத்தான் நாத்தங்காலுக்குப் போவும். கடைக்காரன் ஆயிரம் சொல்லட்டும். நீங்க இதுல எதை எடுத்துப் பாத்தீங்க?"

"எதைப் பாக்கணுங்கிறீங்க?"

"ஒடையுதான்னு."

எனக்குச் சுருக்கென்றது. "தங்கச்சி, முப்பத்து நாலு வருஷம் வெல்டிங் புடிச்ச கை இது. என் வேலை ஒடைஞ்சதுன்னு காரைக்கால்ல ஒருத்தன் சொல்லமாட்டான். பாப்பாவுக்கு நான் கேரண்டி."

அவர் பைப்பிலிருந்து கையை எடுத்தார். "நீங்க சொன்னா சரிண்ணே" என்றார். மகளிடம் திரும்பி, "மாமா சொல்லிட்டாருல்ல, போய்ட்டு வா" என்றார். அன்றைக்கு நான் அந்தப் பெண்ணுக்கு அண்ணன் என்பது போய் மாமா ஆகிவிட்டேன்.

சந்தேகப்பட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். அவர் நம்பிவிட்டுப் போனதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் சாயங்காலம் மிச்சத் துண்டு இரண்டை எடுத்து, அதே மாதிரி வெல்டிங் வைத்து, வைஸில் இறுக்கினேன். உண்மையைச் சொன்னால், சோதித்துப் பார்க்க அதைச் செய்யவில்லை. அந்த அம்மாவுக்கு உடையாத துண்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றுதான் செய்தேன்.

மூன்றாவது அடியில் என்ன ஆனது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

4. அறுத்த பிறகு சொன்னது

பட்டறையில் வேறு யாரும் இல்லை. துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. வண்டி கவிழாது, ஓட்டுகிற பெண் கெட்டிக்காரி என்று என் மனசே எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தது. அதைக் கேட்டுத்தான் பயந்துபோனேன். இன்னும் அரைமணி விட்டால் அதை நம்பிவிடுவேன் என்று தோன்றியது.

கட்டிங் வீலை எடுத்தேன். கூண்டின் நடு வளைவைத் தாங்கும் இரண்டு காலையும் அறுத்தேன். குறுக்குப் பைப்பையும் அறுத்தேன். அதன் பிறகுதான் என் பைக்கை எடுத்துக்கொண்டு வரிச்சிக்குடிக்குப் போனேன்.

சொன்னதும் தேன்மொழிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி மாமா அறுக்கலாம்? நான் கவுக்க மாட்டேன். பத்து நாள்ல புதுக் கூண்டு எங்கேருந்து வரும்?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ. நானும் சரின்னுருவேன். அதான் கேக்கல."

அவள் உள்ளே போய்விட்டாள். சரோஜா அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நின்றேன்.

"மறுபடி செய்வீங்களாண்ணே?"

"செய்வேன்மா."

"செஞ்சுட்டு என்னைக் கூப்புடுங்க. நான் வந்து அடிச்சுப் பாக்குறேன்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் திருச்சி பஸ் ஏறினேன். அந்தப் பக்கம் பாய்லர் வேலை செய்கிற பட்டறைகளில் சீம்லெஸ் பைப் கிடைக்கும். தைத்த கோடு இல்லாமல் ஒரே உருளையாக இழுத்த பைப். பூச்சு கிடையாது, கறுப்பு. வாங்கும்போது நான் என்ன செய்து வைத்தேன் என்று சொன்னதும் அந்தப் பட்டறைக்காரர் முகத்தில் வந்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. ஆனால் உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். எந்த ராடு, எவ்வளவு ஆம்பியர், வளைவைச் சூடுபடுத்தாமல் எப்படி வளைப்பது என்று எல்லாம் எழுதிக்கொண்டேன். விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் அங்கே உட்கார்ந்துதான் முதல் முறையாக முழுசாகப் படித்தேன்.

திரும்பி வந்தால் ஒரு படகு முதலாளி பட்டறை வாசலில் நிற்கிறார். "தடை முடியப் போவுது, என் போட்டு கரையில கெடக்கு, நீ வெளையாட்டுக் காரை வச்சு என்ன பண்ணிக்கிட்டு இருக்க?" என்றார்.

"உங்க போட்டு ரெண்டு நாள் லேட்டானா உங்களுக்குக் கோவம் வரும். இது தப்பாப் போனா ஒரு உசுரு போவும். ரெண்டு நாள் பொறுங்க."

முனகிக்கொண்டே போனார். பொறுத்தார்.

புது ஜாயிண்டை வைஸில் இறுக்கிவிட்டுச் சரோஜா அம்மாவைக் கூப்பிட்டேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சுத்தியலைத் தூக்கினார். நடவும் அறுப்பும் செய்த கை, சும்மா இல்லை. பதினைந்து அடி அடித்தார். பைப் நெளிந்தது. ஜாயிண்ட் அசையவில்லை. இன்னும் ஐந்து அடித்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

"இதைப் போடுங்க" என்றார்.

5. துருவுக்குக் கிடைத்த பாஸ்

பந்தயம் கோயம்புத்தூர் பக்கம் ஒரு மண் டிராக்கில். மீன் ஏற்றும் மினி லாரியில் காரை ஏற்றிக்கொண்டு போனோம். காருக்குள் வாளை மீன் வாடை. "ஹெல்மெட்டுக்குள்ள கொழம்பு கொதிக்குது மாமா" என்று வழி முழுக்கக் கிண்டல். கோபம் போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

புதுக் கூண்டுக்கு நான் பெயிண்ட் அடிக்கவில்லை. வெல்டிங்கைக் கண்ணால் பார்க்கிற மாதிரி விடச் சொல்லியிருந்தார் திருச்சிக்காரர். எனக்குக் கை பரபரத்தது. நான்கே நாளில் பைப் முழுக்கப் பழுப்பாகத் துரு பூத்துவிட்டது. எல்லாரும் பளபளவென்று வண்டி கொண்டுவந்திருக்க, எங்கள் வண்டி மட்டும் கடலில் இருந்து இழுத்துப் போட்டது மாதிரி நின்றது. மானம் கப்பலேறியது என்று தலை குனிந்து நின்றேன்.

வண்டிகளைப் பரிசோதிக்கிறவர் டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயிண்டாகப் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"காரைக்காலுங்க."

"அதான் துரு. வெல்டு நல்லா இருக்கு. ஊருக்குப் போய் பெயிண்ட் அடிச்சுக்குங்க" என்று ஸ்டிக்கரை ஒட்டினார்.

6. ஒன்றரைச் சுற்று

முதல் ஓட்டம் நன்றாகப் போனது. இருபத்திரண்டு பேரில் பதினான்காவது. இரண்டாவது ஓட்டத்தில், மேட்டைத் தாண்டி இடப்பக்கம் திரும்பும் வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கியது. வெளிப்பக்க டயர் பொதபொதவென்ற மண்ணில் புதைந்தது. வண்டி மெதுவாகச் சாய்ந்த மாதிரிதான் இருந்தது. பிறகு ஒரு முழுச் சுற்று உருண்டு, மறுபடி பாதி உருண்டு, கூரை தரையில் பட நின்றது. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். என் கால் மட்டும் ஓடியது. செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. நான் போய்ச் சேர்வதற்குள் டிராக் ஆட்கள் போயிருந்தார்கள். பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியவளை விடுவித்தார்கள். ஜன்னல் வழியாகத் தவழ்ந்து வந்தாள். எழுந்து நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். உதட்டில் மட்டும் மண். அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் அவளைப் பார்க்கிற நேரத்தில் நான் வண்டிக்குள் தலையை விட்டேன். கூரைத் தகடு பைப் வரைக்கும் நசுங்கி, பைப்பில் போய் நின்றிருந்தது. ஒவ்வொரு ஜாயிண்டாக விரலால் தடவினேன். ஒன்றில்கூட முடி அளவு கீறல் இல்லை. பழைய கூண்டாக இருந்தால் அந்தத் தகடு எங்கே போய் நின்றிருக்கும் என்று என்னால் பாதிக்கு மேல் நினைக்க முடியவில்லை. என் வேலை நன்றாக இருக்கிறது என்ற சந்தோஷம் அப்போது வரவில்லை. அறுத்தோமே, அறுத்தோமே என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பழக்கமான வேலையில் உங்கள் கையை நம்புங்கள். புது வேலை என்று ஒன்று வந்தால், எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் அன்றைக்கு நீங்கள் புது ஆள்தான். முதல் ஜாயிண்டை நீங்களே உடைத்துப் பாருங்கள். உடைந்தால் வாங்கியவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் திட்டுவார். திட்டு வாங்கினால் யாரும் சாவதில்லை.

வரிச்சிக்குடிக்கு நான்தான் போன் செய்தேன். எதை முதலில் சொல்வது என்று மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"பாப்பா நல்லா இருக்குதும்மா. வண்டி கவுந்துடுச்சு. பாப்பா நல்லா இருக்கு. ஒரு கீறல் இல்ல."

எனக்குப் பின்னால் தேன்மொழி டிராக் ஆட்களிடம் கத்திக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஓட்டம் பாக்கி இருக்கிறது, வண்டியை நிமிர்த்திக் கொடுங்கள், ஸ்டார்ட் ஆகும் என்கிறாள். கவிழ்ந்த வண்டியை ஓட விட மாட்டோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். அவள் விடுவதாக இல்லை.

"அம்மா, கேக்குதா?" என்றேன்.

"கேக்குதுண்ணே. அவ சண்ட போடுறதும் கேக்குது." மூக்கை உறிஞ்சினார். "போடட்டும். தடுக்காதீங்க."