அஜ்மானில் செய்த நண்டு வண்டி

அப்பாவைக் கட்டிப்பிடித்தால் உடம்பு அரிக்கும். படகுப் பட்டறையில் நாளெல்லாம் படகின் ஃபைபர் உடம்பைத் தேய்த்துவிட்டு வருகிறவருடைய சட்டையிலும் முழங்கை மயிரிலும் கண்ணாடி நாரின் தூள் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எங்கள் வீட்டில் "சொணை" என்போம். "சொணை போவட்டு மக்களே, குளிச்சிட்டு வாறேன்" என்று கைகளை உயர்த்திக்கொண்டே அவர் குளியலறைக்குப் போவதும், அவருடைய துணியை அம்மா தனி வாளியில் ஊறப்போடுவதும், அப்படியும் பள்ளிக்கூடத்தில் என் கழுத்து அரிப்பதும் அந்த வருடங்களில் அன்றாட நடப்பு.

துபாய்ப் பக்கத்து அஜ்மானில் வாடகை குறைவு என்பதால் அங்கே ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டில் நாங்கள் மூவரும் இருந்தோம். அம்மா ஒரு சிறிய மருத்துவமனையில் நர்ஸ். அப்பா குமரி மாவட்டத்துக் கடற்கரையில் ஃபைபர் வள்ளம் செய்து கைதேர்ந்தபின் அதே வேலைக்காக அங்கே வந்தவர். அவருடைய முதலாளி உள்ளூர்க்காரர், அறுபது வயதைக் கடந்த அரபி. முதலாளியை அங்கே எல்லோரும் கூப்பிடுவதுபோல நாங்களும் "அர்பாப்" என்றே கூப்பிட்டோம். அந்தோணி என்ற அப்பாவின் பெயரை அவர் "அந்தூன்" என்பார். அப்பாவுக்கு "யல்லா" என்றால் கிளம்பு, "கலாஸ்" என்றால் முடிந்தது, "மாஃபி" என்றால் இல்லை என்று வேலைக்கு வேண்டிய அரபி மட்டும் தெரியும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் அரபி ஒரு பாடம் என்பதால், விடுமுறை நாட்களில் பட்டறைக்குப் போனால் நீண்ட பேச்சுக்கெல்லாம் நான்தான் இடையில் நிற்பேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அர்பாபுக்கு ஓர் ஆசை வந்தது. பாலைவனத்தைப் பார்க்க வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை மணல் மேட்டில் ஏற்றி இறக்க வெளியிலிருந்து கொண்டுவந்த வண்டிகள் கடற்காற்றில் துருப்பிடித்தன, வெயிலில் கொதித்து நின்றன. "படகு துருப்பிடிப்பதில்லையே, மணலில் ஓடுகிற படகு ஒன்றை உன் அப்பாவால் செய்ய முடியுமா, கேள்" என்றார் அர்பாப். நான் கேட்டேன். அப்பா வெகுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, "எஞ்ஜினுக்கு ஒரு ஆளு வேணும்ணு சொல்லு" என்றார்.

அந்த ஆள் முத்தையா மாமா. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஷார்ஜாவில் அடிபட்ட கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் மெக்கானிக். முன்பக்கம் நொறுங்கி வந்த புதுக் கார்கள் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கும். "மூஞ்சிதாண்ணே போயிருக்கு, எஞ்ஜின் அப்புடியே கெடக்கு, ஊர்ல இதுக்கு நாம எங்கண்ணே போவோம்" என்று அப்பாவிடம் அவர் சொன்னது நினைவிருக்கிறது. அப்படி ஒரு சின்னக் காரின் எஞ்ஜினையும் கியர்பெட்டியையும் கொண்டுவந்து, குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூட்டின் பின்பக்கத்தில் அவர் பொருத்தினார். அப்பா படகுக்குச் செய்வதுபோலவே அச்சு செய்து, நாரை விரித்து, இறுகும் பசையான ரெசினைப் பூசி, வண்டிக்கான ஓடு ஒன்றை அச்சிலிருந்து கழற்றி எடுத்தார். வண்டி சீக்கிரமே சூடாகி நின்றுபோனபோது, காற்று பிடிக்கப் பழைய அரபி வீடுகளின் மேலே கட்டியிருக்கும் கோபுரத்தை அர்பாப் மணலில் விரலால் வரைந்து காட்டினார். அதைப் பார்த்துத்தான் அப்பா இருக்கைக்குப் பின்னால், காற்றை ரேடியேட்டருக்கு இறக்கும் ஒரு ஃபைபர் வாயைச் செய்தார். அதன்பிறகு வண்டி சூடாகவில்லை.

வேறொரு கண்டத்தில் கார்த் தொழில் வேர்விட்ட ஊர்களைப் பற்றி வெகுகாலம் கழித்து நான் தேடிப் படித்தேன். காடும் இரும்பும் பக்கத்தில் கிடைத்த ஏரிக்கரை ஊர்களில், அதுவரை கோச்சு வண்டியும் சைக்கிளும் படகு எஞ்ஜினும் செய்துகொண்டிருந்தவர்கள்தாம் தங்கள் கொட்டகைகளில் முதல் கார்களைச் செய்து பார்த்தார்களாம்; துணிந்து பணம் போட ஓர் ஆளும், கைவேலை தெரிந்த ஓர் ஆளும் ஒரே தெருவில் சந்தித்தால் போதுமாக இருந்திருக்கிறது. படிக்கும்போது எனக்கு அஜ்மான் பட்டறைதான் கண்ணில் நின்றது. மணல் இருந்தது, மலிவான பெட்ரோல் இருந்தது, ரெசின் இருந்தது, அடிபட்ட கார்கள் இருந்தன, அர்பாபும் அப்பாவும் முத்தையா மாமாவும் இருந்தார்கள். அந்தக் கொட்டகைகளில் எத்தனையோ பெயர்கூடத் தெரியாமல் மூடிப்போயின என்ற வரி வந்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

வண்டி முதலில் மணலில் புதைந்தது. டயரில் காற்றைக் குறைத்தார்கள், மறுபடியும் புதைந்தது, இன்னும் அகலமான டயர் வந்தது. கடைசியில், அங்கே வார விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை, தேவாலயத்துக்குப் போய்விட்டு அப்படியே நாங்கள் பட்டறைக்குப் போயிருந்தபோது, முத்தையா மாமா அதை ஓட்டிக்கொண்டு பின்னாலிருந்த மேட்டின் உச்சிவரை ஏறிவிட்டார். இறங்கும்போது வண்டி நேராக வராமல் சற்றுப் பக்கவாட்டில் நழுவி நழுவி வந்ததைப் பார்த்து அர்பாப் தொடையைத் தட்டிக்கொண்டு "குப்குப்! குப்குப்!" என்று கத்தினார். அரபியில் அது நண்டு. நான் தமிழில் சொன்னதும் அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அது எங்களுக்கு "நண்டு வண்டி".

அந்தச் சிரிப்பு அடங்கியதும் அர்பாப் ஒரு குச்சியை எடுத்து மணலில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு ஒருபுறம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், மறுபுறம் அப்பாவின் நெஞ்சைத் தொட்டார். "நுஸ், நுஸ்" என்றார். தொடர்ந்து ஒரு கம்பெனி, ஓர் உரிமம் என்று வேகமாகப் பேசினார். அதில் பல சொற்கள் என் பாடப்புத்தகத்தில் இல்லாதவை. "பாதி உங்களுக்காம், பாதி அவருக்காம்ப்பா" என்று மட்டும் சொன்னேன். அப்பா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதங்களில், முதல் வண்டியோடு சேர்த்து ஐந்து வண்டிகள் முடிந்தன. பாலைவன முகாம் நடத்தும் ஒருவர் வந்து பார்த்து, உரிமம் வந்ததும் ஐந்தையும் வாங்கிக்கொள்வதாகவும் இன்னும் வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். கம்பெனிக் காகிதங்களை நோன்பு முடிந்ததும் எழுதிவிடலாம் என்று அர்பாப் சொல்லியிருந்தார். நோன்பு முடிவதற்கு நான்கு நாள் இருக்கும்போது அவர் பக்கவாதத்தில் விழுந்தார்.

அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். முத்தையா மாமா அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தார். விருந்தினரை உட்காரவைக்கும் பெரிய கூடத்தில் சக்கர நாற்காலியில் அர்பாப் இருந்தார். வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது, வலது கை மடியில் செத்துக் கிடந்தது, பேச்சு முற்றிலும் போயிருந்தது. அபுதாபியில் பெரிய வேலையில் இருந்த அவருடைய மகன் எங்களை மரியாதையாக உட்காரச் சொல்லி, காவா என்ற அரபிக் காப்பியை ஊற்றிக் கொடுத்து, பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார். பட்டறையை நடத்தத் தனக்கு நேரமில்லை என்றும், இடத்தைக் கிடங்குக்கு வாடகைக்கு விடப்போவதாகவும், வேலைக்காரர்கள் எல்லோரும் வேறு இடம் தேடிக்கொள்ளத் தடையில்லாச் சான்று தருவதாகவும் நிதானமாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

அப்பா என் தோளைத் தொட்டார். "அண்ணைக்கு அர்பாப் சொன்னத சொல்லு மக்களே. பாதின்னு சொன்னாரே, அத சொல்லு."

நான் சொன்னேன். உங்கள் அப்பா என் அப்பாவுக்குப் பாதி கொடுப்பதாகச் சொன்னார் என்றேன்.

"எதில் பாதி?" என்று கேட்டார் மகன்.

பங்கு, கூட்டு, தொழில். தமிழில் எல்லாம் தெரியும். அரபியில் ஒன்றும் வரவில்லை. எனக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான் இருந்தது. "சய்யாரா" என்றேன். கார்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "பாதிக் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? முழுசாகவே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்" என்று என் தலையைத் தடவினார்.

அப்போது அர்பாப் இடது கையால் நாற்காலிக் கையை ஓங்கி ஓங்கி அடித்தார். வாயிலிருந்து ஏதோ ஓர் ஒலி, சொல்லாக மாறாமல், திரும்பத் திரும்ப வந்தது. கண்ணிலிருந்து நீர் வடிந்து இழுத்துக்கொண்ட கன்னத்தில் இறங்கியது. மகன் ஓடிப்போய்த் தண்ணீர்க் குவளையை அவர் உதட்டில் வைத்தார். அர்பாப் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார், தண்ணீர் நெஞ்சில் சிந்தியது. அப்பா எழுந்து போய் அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். அதற்கு மேல் அங்கே யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

"காகிதம் ஏதாவது இருக்கிறதா?" என்று வாசல்வரை வந்து மகன் கேட்டார். "மாஃபி" என்றார் அப்பா. பிறகு "ஷுக்ரன்" என்று நன்றியும் சொன்னார்.

முழுசாகக் கிடைத்த அந்த வண்டியை வைத்துக்கொள்ளவும் எங்களுக்கு வழியில்லை. நம்பர் பலகை இல்லாத வண்டியைத் தெருவில் நிறுத்தினால் நகராட்சி தூக்கிக்கொண்டு போய்விடும். எங்கள் கட்டடத்தின் காவலாளி, "பாயி, இதை இங்கே விடமுடியாது" என்று இந்தியில் கைவிரித்துவிட்டார். அம்மா தன்னுடன் வேலை செய்த ஒவ்வொருவரிடமும் கொல்லை இருக்கிறதா என்று விசாரித்தாள். வாடகை அறையில் இருக்கிறவர்களிடம் ஏது கொல்லை.

ஒரு வாரம் கழித்து, பள்ளிப் பேருந்தின் சன்னல் வழியாகப் பட்டறையைப் பார்த்தேன். "ஷவல்" என்று அங்கே சொல்லும் மண் அள்ளும் வண்டி, அப்பாவின் அச்சுகளைக் குவித்துவைத்து அழுத்திக்கொண்டிருந்தது. அப்பா சற்றுத் தள்ளிக் குனிந்து உட்கார்ந்து, ஒரு நண்டு வண்டியின் எஞ்ஜினைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றையும் துடைத்து ஒரு டப்பாவில் போட்டபடி. பேருந்து நிற்கவில்லை. பக்கத்திலிருந்த தோழி எதையோ கேட்க, நானும் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே போய்விட்டேன்.

எஞ்ஜின்கள் ஷார்ஜாவுக்கே திரும்பிப் போயின. குழாய்க் கூடுகளை இரும்புக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஃபைபர் ஓடுகளைக் கேட்க மட்டும் ஆள் இல்லை. குப்பை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். அப்பாவுக்கு உம்முல் குவைனில் இன்னொரு படகுப் பட்டறையில் வேலை கிடைத்தது. ஓய்வுபெறும்வரை படகுதான் செய்தார். வண்டிப் பேச்சை வீட்டில் எடுக்கவே இல்லை.

நானும் எடுக்கவில்லை. இப்போது குவைத்தில் மங்காஃபில் குடியிருக்கிறேன், மருத்துவமனை ஒன்றில் அரபி நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் இடையே நின்று பேசுவதுதான் என் பிழைப்பு. சென்ற வருடம் ஊரிலிருக்கும் அப்பாவிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு நான் சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அழுதேன். "நீ எந்தச் சொல்லச் சொல்லியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும் மக்களே. எனக்க கையில காகிதம் இல்ல, உனக்கு வயசு பத்து. வேற என்ன செய்யக் கழியும், கேட்டியா?" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எந்தச் சொல்லும் உதவியிருக்காது என்பதைக் கேட்டபோது எனக்கு இன்னும் பாரமாகிவிட்டது.

போன குளிர்காலத்தில் துபாய்க்குப் போனபோது என் மகளைப் பாலைவன முகாம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மணல் வண்டிகள் வரிசையாக நின்றன, எல்லாம் தூரதேசத்திலிருந்து கப்பலில் வந்தவை. "தாத்தா இந்த மாதிரி வண்டி செஞ்சிருக்கார், தெரியுமா" என்றேன். "எந்த பிராண்ட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பிராண்ட் கிடையாது என்றேன். "இப்போ அது எங்கே?" என்றாள்.

அர்பாப் மறுவருடமே இறந்துவிட்டார். முத்தையா மாமா ஊரோடு போய்விட்டார். பட்டறை இருந்த இடத்தில் கிடங்கும் போய், ஏழு மாடிக் கட்டடமும், கார்கள் நிற்க வெள்ளைக் கோடு போட்ட தார்த்தளமும் வந்துவிட்டன. இரும்பை உருக்கியிருப்பார்கள். ஃபைபர் துருப்பிடிக்காது, மக்காது; அந்த ஐந்து ஓடுகளும் ஊருக்கு வெளியே குப்பைமேட்டுக்கு அடியில், மேலே நிரவிய மணலுக்குக் கீழே எங்கேயோ அப்படியே கிடக்கவேண்டும்.

"மண்ணுக்குள்ளே இருக்கு" என்றேன்.

"தோண்டி எடுக்கலாமா?" என்று உடனே கேட்டாள்.

அதற்குள் அவளுடைய முறை வந்து பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆபத்துக்கு முகாம் பொறுப்பில்லை என்று அச்சடித்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, தலைக்கவசத்தின் வாரை அவள் தாடைக்குக் கீழே மாட்டி, வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.