அந்த டிரம்மர் நிறுத்தியிருக்க வேண்டுமா?

போன மாதம் பெரியகல்லாற்றில் ஒரு கலியாண ரிசெப்ஷன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாண்ட்காரர்கள் பைலா என்ற துள்ளாட்டப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாமார் சேர்ட் கையை மடித்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டின் நடுவில் டிரம்மர் ரொனி இரண்டு குச்சிகளையும் மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

பாட்டு நிற்கவில்லை. டிரம்ஸ் சத்தமும் நிற்கவில்லை.

டிரம்மர் சும்மா இருக்கிறார், டிரம்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறது... எப்படி? சொல்கிறேன். ஆனால் அதற்கு முதலில் ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரொனி டச்பார் பகுதியில் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர். கேற் செய்வார், ஜன்னல் கிறில் செய்வார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த எங்கள் ஊர்ப் பறங்கிக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். பட்டறையின் பின்பக்க அறையில்தான் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பாண்ட் பயிற்சி நடக்கும். பாண்டுக்குத் தலைவர் குகன். கிட்டார் வாசிப்பார், பாடுவார், மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பார். கீபோர்ட்காரரும் மற்றவர்களும் கலியாணங்களுக்குத்தான் வருவார்கள். பயிற்சி அறையில் மூன்றாவது ஆள் நான். எனக்கு எந்த வாத்தியமும் வராது. நாவற்குடாவிலிருந்து சைக்கிளில் போய், ரொனியின் மனைவி மெரில் தரும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, ரொனியும் குகனும் போடும் சண்டையைப் பார்ப்பது என் பங்கு.

சண்டை வருடக்கணக்காக ஒரே ஆளைப் பற்றித்தான். உலகப் புகழ் பெற்ற ஒரு ரொக் டிரம்மர். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப்பேர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள், மற்றப் பாதிப்பேர் 'யார் அது?' என்பீர்கள். இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பில்லை.

அந்த மனுசனின் டிரம் செட் சின்னது. குச்சியைச் சுழற்றுவதில்லை, எறிந்து பிடிப்பதில்லை, மேடையை அதிரவைக்கும் தனி வாசிப்பு எதுவும் இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல இருந்து வாசிப்பார். ஆனால் ஒன்று — ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் விழ வேண்டிய அடி ஒரு மயிரிழை பிந்தி விழும். வேண்டுமென்றே பிந்துகிறாரா, வேறு மாதிரி வாசிக்கத் தெரியாமல் பிந்துகிறாரா? இதுதான் வழக்கு.

"அந்தப் பிந்துறதிலதான் உசிரே இரிக்கு மச்சான்" என்பார் ரொனி. "மத்தவன்லாம் அடிக்கான். இவர் விடுறார். எங்க விடணும் எண்டு தெரிஞ்சவன்தான் டிரம்மர்."

"பிந்தினா பிந்தினதுதான்" என்பார் குகன். "என்ட வகுப்புல பிந்தி வாறவனும் இந்தக் கதையத்தான் சொல்றான்."

ரொனி எழும்பிப் போய் டிரம்ஸில் உட்காருவார். முதலில் கடிகாரம் போல நேராக வாசிப்பார். பிறகு அந்த ஆளைப் போல வாசிப்பார். சங்கீதக் காது இல்லாத எனக்கே வித்தியாசம் விளங்கும். முதலாவதில் தவறே இல்லை. இரண்டாவதில் என் கால் தானாக ஆடும். குகன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுத்த கிழமை திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் குகன் போனில் ஒரு வீடியோ கொண்டுவந்தார். அந்த டிரம்மரின் கடைசிச் சுற்றுப்பயணமாம். ஆள் நன்றாகக் கிழண்டிப் போயிருந்தார். பாட்டு பழைய வேகத்தில் இல்லை. கால் சில இடங்களில் மிதிக்கவே இல்லை. உற்றுப் பார்த்தால் மேடையின் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில், இன்னொருவர் டிரம்ஸோடு உட்கார்ந்து கூடவே வாசித்துக்கொண்டிருக்கிறார். வீடியோவின் கீழே உலகமே அடிபட்டது. மனுசன் நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். சாகும்வரை வாசிக்கட்டும் என்று இன்னொரு கூட்டம்.

ரொனி கடைசிவரை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தாள் எப்பவோ நிப்பாட்டியிரிக்க வேணும்" என்றார்.

குகன் உடனே, "ஏன் நிப்பாட்ட வேணும்? பிந்துறதுதானே அவர்ட ஸ்டைல்?" என்றார்.

"ஸ்டைல் வேற, ஏலாமப் போறது வேற. பிந்தி அடிக்கிறதுக்கும் அடி பிந்துறதுக்கும் வித்தியாசம் இரிக்கு."

"கேக்குற சனத்துக்கு என்ன வித்தியாசம்கா?"

"சனத்துக்கு இல்ல. அடிக்கிறவனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன? அவர் இல்லாம அது அந்த பாண்டே இல்ல. ஒரு கால் ஏலாட்டி மத்தவங்க தாங்குவாங்க. மறுகா என்னத்துக்குக் கூட்டாளி?"

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். கவனித்தீர்களா? பக்கம் மாறிவிட்டார்கள். வருடக்கணக்காக அந்த மனுசனைக் கும்பிட்ட ரொனி அவரை வெட்டுகிறார். வருடக்கணக்காக நக்கலடித்த குகன் அவருக்காக வாதாடுகிறார். எனக்கு அன்று அது பகிடியாகத்தான் இருந்தது. வயது போனால் கட்சி மாறுவது சகஜம்தானே!

பிறகு ஒரு நாள் காலையில் சந்தையில் மெரிலைக் கண்டேன். மீன் வாங்கக் குனிந்தவர் என்னைக் கண்டதும் நிமிர்ந்து, ஆளில்லாத பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணன், அவருக்குக் கை நடுங்குது. வலது காலும் இழுக்குது. கிளினிக்குல பார்க்கின்சன் எண்டு சொல்றாங்க. மாத்திர போட்டாக் கொஞ்ச நேரம் கை சொல்லுக் கேக்கும். அந்த நேரத்தப் பாத்துத்தான் மேடைக்கு ஏறுறார்."

"குகனுக்குத் தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா பாண்டால நிப்பாட்டிருவாங்க எண்டு பயம். நீங்களும் சொல்லிராதீங்க. எனக்கு ஏலாமத்தான் உங்களுக்கிட்டச் சொன்ன."

அந்தக் கணத்தில்தான் எனக்கு அந்தச் சண்டை விளங்கியது. ரொனி வெட்டியது வெள்ளைக்காரரை இல்லை. இன்னும் கொஞ்சம் யோசித்தபோது குகனும் விளங்கினார். பக்கத்தில் நின்று ஆயிரம் மேடைகளில் கிட்டார் வாசித்தவருக்கு டிரம்ஸ் தடுமாறுவது கேட்காமல் போகுமா? ஆக, அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது, இப்போது எனக்கும் தெரிந்தது. ஆனால் மூன்று பேருமே தெரியாததுபோல இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, கடல் கடந்த ஒரு கிழவர் நிறுத்த வேண்டுமா கூடாதா என்று மணிக்கணக்காகக் கதைத்தோம். அந்தக் கிழவருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

இனி பெரியகல்லாற்றுக் கலியாணம்.

சாப்பாட்டுக்கு முன்னரே பாண்ட் தொடங்க வேண்டும் என்றுதான் ஏற்பாடு. பெண் வீட்டுப் பேச்சாளர்கள் விடவில்லை. ஒருவர் வாழ்த்திவிட்டு இறங்க, அவரை வாழ்த்த இன்னொருவர் ஏறினார். ரொனி மேடை ஓரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாத்திரை போட்டிருந்தார், அதன் நேரம் மைக்குக்கு முன்னால் கரைந்துகொண்டிருந்தது. அந்த மண்டபத்தில் அது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். ஐஸ்கிரீம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தேன். ஒன்றும் செய்ய முடியவில்லை.

சாப்பாடு முடிந்து ஒருவழியாகப் பாட்டுத் தொடங்கியது. முதல் இரண்டு மெதுவான பாட்டுகள் சமாளித்தார். மூன்றாவது பைலா. பைலா என்றால் கால் ஓய முடியாது. ரொனியின் வலது கால் பெரிய டிரம்மின் பெடலில் ஒரு மிதி தவறியது. நான் பார்த்தேன். பிறகு இன்னொன்று. ஆனால் சத்தம் தவறவில்லை! மிதிக்காத மிதி ஸ்பீக்கரில் ஒழுங்காக விழுந்தது.

ரொனியும் அதைக் கேட்டுவிட்டார். தலையைச் சரித்தார். வேண்டுமென்றே ஒரு மிதியை விட்டார். அதுவும் விழுந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பிக் கீபோர்ட்காரரைப் பார்த்தார். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கீபோர்டில் தானாக ஓடும் தாளம் இருக்கிறதே, அதைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டிருந்தார்கள். டிரம்ஸின் கீழே, ஒட்டுப் போட்டதுபோல.

அப்போதுதான் ரொனி குச்சிகளை மடியில் வைத்தார்.

சித்தப்பாமார் ஆடிக்கொண்டே இருந்தார்கள். வீடியோக்காரர் அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேடையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். நல்ல கைதட்டல். அதைவிடக் கொடுமையான கைதட்டலை நான் கேட்டதில்லை.

மண்டபத்தின் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில், குகன் ரொனியைப் பிடித்துவிட்டார். நானும் பின்னால் ஓடிப்போனேன்.

"எப்ப இருந்து?" என்று கேட்டார் ரொனி. குரல் உயரவில்லை.

"சித்திர மாசக் கலியாணங்களுக்குப் பிறகு."

"எல்லா மேடையிலயுமா?"

குகன் தலையை ஆட்டினார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் சும்மாதான் கை ஆட்டிக்கிட்டு இருந்திரிக்கன்."

"அப்படிச் சொல்லாத மச்சான். தாளம் இறங்கிற இடத்துல பிடிக்கத்தான்... ஒன்ன நிப்பாட்ட எனக்கு மனசு வரல்ல."

"மனசு வரல்ல எண்டு மெசினப் போட்டாய்."

"நீ எனக்கிட்டச் சொன்னியா, ஒனக்குக் கை கால் வருத்தம் எண்டு?"

"நீ கேட்டியா?"

ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. பிறகு ரொனி சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

"அந்த வெள்ளக்காரனுக்கும் பின்னுக்கு ஒருத்தன் இருந்தான். அது அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இருந்தார். எனக்கு நீ அதக்கூடத் தரல்ல."

டிரம் செட்டை மேடையிலேயே விட்டுவிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார். வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? கல்முனைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

குகனைத் திட்ட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? 'ஒன்னால ஏலாது, இறங்கு' என்று சொல்லியிருப்பீர்களா? அல்லது எல்லாருக்கும் முன்னால் அவர் தடுமாறட்டும் என்று விட்டிருப்பீர்களா? குகன் செய்தது அன்பால்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனுசனுக்குத் தெரியாமல் அவருக்குச் செய்யும் உதவி இருக்கிறதே... அது வெளியே தெரியும் நாளில் அதற்கு வேறு பெயர் வந்துவிடுகிறது.

பிறகு நடந்தவை நல்ல செய்திகள் இல்லை. குகன் டிரம் செட்டை வான் வண்டியில் ஏற்றிவந்து பட்டறை அறையில் வைத்தார். ரொனி அந்த அறைப் பக்கமே போகவில்லை. வெல்டிங் வேலையையும் மச்சினனிடம் விட்டுவிட்டார். மெரில் போனில் அழுதார்.

"மாத்திரைய நேரத்துக்குப் போடுறாரில்ல அண்ணன். போடுங்க எண்டா, 'இனி எந்த மேடைக்கு?' எண்டு கேக்கார். நான் என்னத்தச் சொல்ல?"

போன ஞாயிறு நானும் குகனும் சேர்ந்து போனோம். ரொனி முன் அறையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். ஒரு மாதத்துக்குள் முகம் அசைவை இழந்திருந்தது. அந்த நோய் அப்படிச் செய்யுமாம். சிரிப்பதற்கான தசைகளைக்கூட இறுக்கிவிடுமாம். குரலும் சுருங்கியிருந்தது. கோபமா, கவலையா, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எங்களைப் போகச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

குகன் மன்னிப்புக் கேட்டார். ரொனி தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டாரா, நடுக்கமா என்று தெரியவில்லை. மெரில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ரொனியின் கோப்பை பாதிதான் நிரப்பப்பட்டிருந்தது, சிந்தாமல் இருக்க.

திடீரென்று குகன் போனை எடுத்தார். அந்த டிரம்மரின் பழைய கச்சேரி ஒன்றைப் போட்டார். இளமைக் காலத்து வாசிப்பு.

"பார் மச்சான். இந்தாள் ஒரு நாளும் நல்ல டிரம்மர் இல்ல. நான் அண்டைக்குச் சொன்னதுதான். தாளம் பிடிக்கத் தெரியாம பிந்துறான். அத நீ ஸ்டைல் எண்டு எங்கள ஏமாத்தினாய்."

எனக்கு விளங்கிவிட்டது. பழைய பக்கத்துக்கே திரும்பிப் போய் நின்று, சண்டைக்குக் கூப்பிடுகிறார். ரொனி எழும்பி, குச்சியை எடுத்து, 'இது நேர், இது அவர்' என்று வாசித்துக் காட்டமாட்டாரா? குறைந்தபட்சம் கெட்ட வார்த்தையாலாவது திட்டமாட்டாரா? நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். கதவு நிலையில் மெரிலும் நின்றார்.

ரொனி பாட்டு முடியும்வரை பார்த்தார். பிறகு அந்தச் சின்னக் குரலில் சொன்னார்.

"ஓம். நீ சொல்றது சரிதான்."

"என்ன சரி? அந்த ஸ்னேர் அடி..."

"சரிதான்கா. நீ சொல்றது சரி."

குகன் போனை அணைத்தார். வகுப்பு முழுவதையும் ஒரு பார்வையால் அடக்குகிற மனுசன், கண்ணைத் துடைக்க இடம் தேடி வெளியே போனார்.

உங்களோடு இன்னமும் வாயடிக்கிற கூட்டாளிகள் இருந்தால், அவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வருடக்கணக்காக மறுத்துப் பேசிய ஒருவர் ஒரு நாள் மெதுவாக 'நீ சொல்வது சரி' என்கிறாரே — அவர் வீட்டுக்குத்தான் அடிக்கடி போக வேண்டும்.