குடியை விடப் போனவனும் என் டாக்சியும்

மலையில டாக்சி ஓட்டுறவனுக்கு பிரேக் மட்டும் நல்லா இருந்தா போதாதுங்க, பொறுமையும் நல்லா இருக்கணும். எழுபதுகள்ல மலை மேல இருக்கிற தானா ராத்தாவுக்கும் அடிவாரத்து தாப்பாவுக்கும் ஓட்டின எனக்கு ரெண்டாவது எப்பவுமே கிடையாது. நீங்களும் சனங்களோட மல்லுக்கட்டிப் பிழைச்சவங்களா இருந்தா என் வயித்தெரிச்சல் புரியும்.

லீவு

தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்ச சுப்பையாவுக்கு சம்சுங்கிற மலிவுச் சாராயத்தைக் குடிச்சுக் குடிச்சு கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. கீழே பெரியாஸ்பத்திரியில ஒரு மாசம் இருந்தா குடியை நிறுத்திடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவன் பொண்டாட்டி லெட்சுமி தோட்டத்து ஆபீசுக்கு லீவு கேக்கப் போனா, துணைக்கு நானும் போனேன். ஆள் வேலையில இல்லேன்னா தோட்டம் குடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணணும்னாரு கணக்கு எழுதுற கிராணி. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. "போன மாசம் பூரா போதையில கிடந்தானே, அப்ப ஏன் வீட்டைக் கேக்கல?"ன்னேன்.

"அப்ப தோட்டத்துக்குள்ளதானே கிடந்தான் லா!"

சீட்டு

அவன் வேலையை நானே பாக்கிறேன்னு லெட்சுமி சொன்ன பிறகுதான் வீடு தப்பிச்சுது. அடுத்தது செலவு. மாசம் தவறாம சீட்டு கட்டினவ, ஒரே ஒரு தடவை முன்னாடியே எடுத்துக்கிறேன்னு சீட்டுப் பிடிக்கிற அம்மாகிட்ட கெஞ்சினா.

"கல்யாணத்துக்குக் கேளு, கருமாதிக்குக் கேளு, தர்றேன். குடியை நிறுத்தவா சீட்டு எடுப்பாங்க?"

பக்கத்து சீட்

கருமாதி வரைக்கும் காத்திருக்க முடியுமா? வாடகை வாங்காம சுப்பையாவை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டேன். கியா பார்ம்ல கோசு வாங்கிட்டு வந்த ஒரு பெரிய மனுஷன் பின்னால உக்காந்தாரு, சுப்பையா கை ஆடுறதைப் பார்த்ததும் கதவைத் திறந்து இறங்கிட்டாரு. அவர் வாயிலயே பீர் வாடை குப்புன்னு அடிக்குது! ஏன் ஐயான்னு கேட்டேன்.

"நான் கிளப்புல குடிக்கிறவன்பா, இவன்கூட எப்படி உக்கார்றது?"

வரவேற்பு

ஒரு மாசம் கழிச்சு நானே கூட்டியாந்தேன். முகம் தெளிஞ்சு, கை நிதானமா இருந்துச்சு. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. வீட்டு வாசல்ல பழைய கூட்டாளிங்க ரெண்டு பேரு, பாட்டிலோட! உடம்பு தேறிடுச்சுல்ல, இனி கொஞ்சமா குடிச்சா ஒண்ணும் ஆகாதாம். சுப்பையா தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பாவி, வாங்கிடுவானோ? அந்த நேரம் பார்த்து லெட்சுமி களைக்கொல்லிப் பம்பை முதுகுல மாட்டிக்கிட்டு வேலை முடிஞ்சு வந்தா. குழாயை நேரா அவனுங்க பக்கம் நீட்டினா.

"இன்னொரு தரம் இந்த வாசல்ல பாட்டில் வந்துச்சு, களைன்னு நினைச்சு அடிச்சிருவேன்!"

சம்சு மட்டும் கேக்காமலே லயத்து வாசலைத் தேடி வரும், அதை விடணும்னா கண்டவன்கிட்டல்லாம் மானத்தை விட்டு மலை இறங்கணும், நல்ல ஞாயம் போங்க!