கெட்டரிட்ஜ் வீட்டு ஈஸ்ட்

எல்லர்விக் ஊரின் பீர் ஆலையை ஆரம்பித்தவர் ஜோப் கெட்டரிட்ஜ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் மகள் டார்கஸ் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். அப்பா பார்லி பயிரிட்டு விற்றவர், அவ்வளவுதான். அறுவடைக்கு வரும் ஆட்களுக்காக வீட்டுத் துணி வெளுக்கும் அண்டாவில் பீர் காய்ச்சியவள் அவள் அம்மா. அதைக் குடித்த ஆட்கள் மறு வருஷமும் அதே பண்ணையைத் தேடி வந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் ஜோப் ஆற்றோரம் இடம் வாங்கி ஆலை கட்டினார். பீரைப் பொங்க வைக்க அம்மா வளர்த்த ஈஸ்ட்தான் அந்த ஆலைக்கு உயிர். ஒரு வாரம் பொங்கிய நுரையை வழித்து வைத்து, அடுத்த வாரத் தொட்டியில் விடுவார்கள். அது முப்பது வருஷம் அறாமல் வந்தது.

ஜோப் போன பிறகு ஆலை மகன் ஆம்ப்ரோஸ் பேருக்கு வந்தது. மகள் டார்கஸுக்குக் கிடைத்தவை அம்மாவின் ஜெபப் புத்தகமும் இரண்டு மேஜை விரிப்புகளும். அவள் அப்போது வருத்தப்படவில்லை. ஆலையில் பீர் காய்ச்சும் தலைமை ஆள் அவள் கணவன் ஜெத்ரோ த்ரிப். "பேரு அண்ணனோடது, பீர் எங்களோடது" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

மகாராணி பட்டமேறிய பொன்விழா வருஷத்தில் அந்தச் சிரிப்பு போயிற்று. ஊர் முழுவதும் மைதானத்தில் விருந்து. வழக்கத்தைவிட இரண்டு பங்கு பீர் வேண்டும். ஆம்ப்ரோஸ், மூடிக்கிடந்த வேறொரு ஆலையிலிருந்து நான்கு பழைய மரத் தொட்டிகளை இறக்கினான். ஜெத்ரோ தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்துவிட்டு, "இது வேணாம். மரத்துக்குள்ளயே புளிப்பு ஏறியிருக்கு. எவ்வளவு கழுவினாலும் போகாது" என்றான். "நிரப்புன்னா நிரப்பு" என்றான் ஆம்ப்ரோஸ்.

விருந்தன்று மைதானம் முழுக்கக் கோப்பையைத் தூக்கியது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துப்பினார்கள்.

அடுத்த புதன்கிழமை, சந்தை கூடிய வேளையில், ஆம்ப்ரோஸ் சந்தை நடுவே நிற்கும் கற்சிலுவையின் படியில் ஏறி நின்றான். குடிபோதையில் ஜெத்ரோ தொட்டிகளைக் கழுவாமல் விட்டதாகவும் அவனை வேலையை விட்டு நீக்கியதாகவும் உரக்கச் சொன்னான். ஜெத்ரோ கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தான், கையில் முட்டைக்கோஸோடு. வீட்டுக்கு வந்து அதை மேஜைமேல் வைத்தான். அன்று சாயங்காலம் டார்கஸ் ஆலையின் பின்வாசல் வழியே போய், ஆலையின் சொந்தத் தொட்டியிலிருந்து ஒரு கல்ஜாடி நிறைய ஈஸ்ட் வழித்துக்கொண்டு வந்தாள்.

ஜெத்ரோவைச் சுற்று வட்டாரத்தில் எந்த ஆலையும் வேலைக்கு எடுக்கவில்லை. மதுக்கடைகளில்கூட உள்ளே விடவில்லை. ரயில் பாதைக்குக் கல் சுமந்தான். மூன்றாவது குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனான். அடக்கம் செய்த மறுநாளும், வாராவாரம் செய்ததுபோலவே, டார்கஸ் அண்டாவை ஏற்றி பீர் காய்ச்சினாள். காய்ச்சாவிட்டால் ஈஸ்ட் செத்துவிடும். அதை மட்டும் சாகவிடுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

தன் வீட்டு முன்னறையிலேயே சின்னதாக ஒரு மதுக்கடை வைத்தாள். பீர் காய்ச்ச வேண்டிய முளைப்பார்லியை அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆம்ப்ரோஸ் உள்ளூர் வியாபாரிகளிடம் சொல்லி வைத்தான். டார்கஸ் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒன்பது மைல் போய் வாங்கி வந்தாள். போகும்போதும் வரும்போதும் ஆலை வாசல் வழியாகத்தான் போவாள். சுற்றுவழிதான், ஆனாலும் அப்படியே போவாள்.

பொன்விழா முடிந்த எட்டாவது வருஷக் கோடையில் ஆலையின் ஈஸ்ட்டுக்கு நோய் வந்தது. பீர் ஊற்றும்போது நூல் நூலாக இழுத்தது. ஆம்ப்ரோஸ் தொட்டிகளையெல்லாம் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்து, பக்கத்து ஊர் ஆலையிலிருந்து ஈஸ்ட் வரவழைத்தான். பீர் தெளிவாகத்தான் வந்தது. ஆனால் ஒரு வாய் குடித்ததுமே, "இது கெட்டரிட்ஜ் பீரே இல்ல" என்று சொல்லிக் கோப்பையை வைத்தார்கள். மதுக்கடைகள் ஒவ்வொன்றாக வேறு ஆலைக்கு மாறின. ஆலை ஆட்களைக் குறைத்தது.

டார்கஸிடம் முதலில் வந்தவன் ஈனாக். ஆலைக்குப் பீப்பாய் செய்பவன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"டார்கஸம்மா, உங்க வீட்டு ஈஸ்ட் ஒரு ஜாடி குடுத்துடுங்களேன். பதினோரு பேரை நிறுத்திட்டாரு. என் தம்பியும் அதுல ஒருத்தன்."

"பொன்விழாவுக்கு இறக்கின அந்தப் பழைய தொட்டிங்களை நீ மோந்து பாத்தியா இல்லையா, ஈனாக்?"

அவன் தரையைப் பார்த்தான். "பாத்தேன்."

"என்ன வாடை?"

"காடி வாடை."

"அதை ஏன் அன்னிக்குச் சொல்லல?"

"வேலை போயிருக்கும்."

"இப்ப மட்டும் நிலைக்குமா?" என்று கேட்டுவிட்டு அவள் மேஜையைத் துடைக்கப் போய்விட்டாள். பதினோரு வீடுகளிலும் அடுப்பு எரியாதே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஜெத்ரோ கல் சுமந்தபோது அந்தப் பதினோரு பேரும் தலையைக் குனிந்துகொண்டு அவனைத் தாண்டி நடந்ததும் நினைவுக்கு வந்தது. அவள் பிடிவாதம் தளரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆம்ப்ரோஸே வந்தான். எட்டு வருஷத்தில் முதல் தடவை. உட்காரச் சொல்லாததால் நின்றான்.

"ஆலையில உனக்குப் பாதி தரேன். நீயே வந்து காய்ச்சு."

"உன் ஆலை எனக்கு எதுக்கு?"

"வேற என்னதான் வேணும்?"

"புதன்கிழமை. சந்தை நேரம். அதே படி. அன்னிக்குச் சொன்னது பொய்னு சொல்லு. தொட்டி யாரு வாங்கினது, யாரு வேணாம்னு சொன்னது, எல்லாத்தையும் சொல்லு."

"செத்தவனுக்கு அதனால என்ன கிடைக்கப்போகுது, டார்கஸ்?"

"அவருக்கு ஒண்ணும் கிடைக்காது. எனக்குக் கிடைக்கும்."

"என்னை நாசம் பண்ணப் பாக்குறே."

"ஆமா" என்றாள்.

அவன் மூன்று புதன்கிழமைகள் வரவில்லை. நான்காவதில் வந்தான். டார்கஸ் கடையை மூடிவிட்டு, கல்யாணத்துக்குப் போட்ட கருநீல உடையைப் போட்டுக்கொண்டு, சிலுவைக்கு நேர் எதிரே போய் நின்றாள். ஆட்டுப் பட்டிகளுக்கும் பாலாடைக்கட்டிக் கடைகளுக்கும் நடுவே ஆம்ப்ரோஸ் படியேறி, தொப்பிக்குள் ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல" என்றாள் டார்கஸ்.

கொஞ்சம் உரக்கச் சொன்னான்.

"உனக்குப் பக்கத்துல நிக்கிற ஆட்டுக்குக்கூடக் கேக்கல. அன்னிக்குப் பாலம் வரைக்கும் கேட்டுச்சே!"

ஆம்ப்ரோஸின் கழுத்து சிவந்தது. பாலம் வரைக்கும் கேட்கும்படி சொன்னான்: தொட்டிகளை வாங்கியவன் தான், வேண்டாம் என்று தடுத்தவன் ஜெத்ரோ த்ரிப், ஜெத்ரோ அன்று ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. சொல்லி முடித்தபோது கூட்டத்திலிருந்து ஈனாக்கின் குரல் வந்தது. "நானும் மோந்து பாத்தேன். நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

'வெள்ளை மான்' என்ற மதுக்கடையின் சொந்தக்காரர் படியருகே போய், "அந்த மனுஷன் என் கடை வாசல்ல நின்னப்போ போடான்னு விரட்டினேன். உன் பேச்சைக் கேட்டு" என்றார். பிறகு ஆம்ப்ரோஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள். டார்கஸ் கடைசி ஆள் போகும்வரை நின்று பார்த்தாள். அன்று அவளுக்குப் பசித்தது. ரொட்டியும் பன்றித் தொடைக் கறியும் ஊறுகாய் வெங்காயமும் வாங்கித் தின்றாள். எட்டு வருஷமாக நாக்கில் இல்லாத ருசி இருந்தது.

சாயங்காலம் ஜாடியை ஈனாக் கையில் கொடுத்தனுப்பினாள். கலப்படம் இல்லாத நல்ல ஈஸ்ட். ஒரு மாதத்தில் பழைய பீர் திரும்பியது, நிறுத்தப்பட்டவர்களும் திரும்பினார்கள். ஆம்ப்ரோஸின் மரியாதைதான் திரும்பவில்லை. அவன் எங்கே நுழைந்தாலும் பேச்சு நின்றது. மூன்று மதுக்கடைகள் கடைசிவரை அவனிடம் ஒரு பீப்பாய்கூட வாங்கவில்லை. தேவாலயத்தில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் அவன் மட்டுமே உட்கார்ந்தான். பிறகு ஆலையைத் தன் மகளைக் கட்டிய மருமகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு கிடந்தான்.

ஏழு வருஷம் கழித்து, படுக்கையில் விழுந்தபின், அவளைக் கூப்பிட்டு அனுப்பினான். டார்கஸ் போனாள். ஈனாக் அவளுக்குத் துணையாக வந்து கதவருகே நின்றான்.

"என்னை மன்னிச்சுட்டியா, டார்கஸ்?"

"இல்ல."

"சந்தையில நின்னு சொன்னேனே. எல்லார் முன்னாடியும்."

"சொன்னே. அதுக்கு ஈஸ்ட் குடுத்தேன். மன்னிப்புத் தரேன்னு நான் சொல்லவே இல்லையே."

ஆம்ப்ரோஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் சரிந்திருந்த போர்வையை இழுத்து அவன் காலை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

தெருவில் ஈனாக் தாங்க முடியாமல் கேட்டான். "சாகப்போற ஆள். ஒரு வார்த்தை பொய்யாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"பொய்னாலதான் என் புருஷன் செத்தாரு" என்றாள் டார்கஸ். "அதை நான் ஏன் சொல்லணும்?"

ஆம்ப்ரோஸ் அந்த வாரமே இறந்தான். அடக்கத்துக்கு அவள் போனாள், கடைசி வரிசையில் நின்றாள், அழவில்லை. அதன் பிறகு பதினோரு வருஷம் வாரம் தவறாமல் பீர் காய்ச்சினாள். தன்னை ஜெத்ரோவுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும், கெட்டரிட்ஜ் குடும்பத்தார் யாரும் சவப்பெட்டியைத் தொடக் கூடாது என்று பாதிரியாரிடம் சொல்லியிருந்தாள். அவள் இறந்தபோது அப்படியே செய்தார்கள்.