ஐந்தாம் தேதியும் பௌர்ணமியும்

பதம்

பாகு பதத்துக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில் வங்கி மேனேஜர் உள்ளே நுழைந்தார். கடலை மிட்டாய்த் தொழிலில் யார் வந்தாலும் எழுந்து நின்று கும்பிடலாம், பாகு பதம் வருகிற அந்த ஒரு நிமிஷம் தவிர. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும். கொஞ்சம் முன்னால் இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், கொஞ்சம் தாமதித்தால் கசக்கும். நான் கரண்டியை விடாமல் தலையை மட்டும் ஆட்டினேன். நாற்காலி எடுத்துப் போட யாருக்கும் கை ஒழியவில்லை. அடுப்பு வெக்கையில், கடலைத் தோல் பறக்கிற ஷெட்டில், வெள்ளைச் சட்டையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். சொந்தத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடன் கொடுத்தவரை நிற்க வைத்துவிட்டு நாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அவர் பார்க்க வந்தது கடலை வறுக்கிற மெஷினை. வங்கிக் கடனில் வாங்கியது. வங்கிக்கு அடமானம் என்று அதன் மேல் பெயின்ட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. எழுதித்தான் வைத்திருந்தோம். ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனமும் அதற்கு மேல் புகையும் படிந்து எழுத்து இருந்த இடம் தெரியவில்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தேடினார். மெஷின் போதாதென்று, கீழ்பென்னாத்தூரில் என் மனைவி செல்வியின் பேரில் இருந்த ஒரு ஏக்கர் நிலத்தின் பத்திரமும் அவரிடம்தான் இருந்தது. அதனால் அவருக்கு எந்தச் சந்தேகமும் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கடலை வறுக்கிற பச்சையம்மாள் உதவிக்கு வந்தாள். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தாள். சந்தனம் போயிற்று, புகை போயிற்று, கடைசியில் எழுத்தும் போயிற்று. மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்த்து அவரைச் சமாதானப்படுத்தினாள்:

"பயப்படாதீங்க சார், மெஷினு நம்பளுதுதான்."

பங்குதாரர் கூட்டம்

கம்பெனியில் பாதி எனக்கு, பாதி என் மச்சினன் ஏழுமலைக்கு. செல்வியின் தம்பி. முதல் போட்டது இரண்டு பேரும், பாகு கிண்டுவது நான். அவன் தினமும் பதினொரு மணி வாக்கில் மோட்டார் சைக்கிளில் வருவான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டீ குடிப்பான். போகும்போது ஒரு பெட்டி மிட்டாயை எடுத்துக்கொண்டு போவான். காதுகுத்து, கிரகப்பிரவேசம், தெரிந்த பஸ் கண்டக்டருக்குக் குழந்தை பிறந்தது என்று எல்லாவற்றுக்கும் எங்கள் சரக்குதான் சீர். கேட்டால் விளம்பரம் என்பான்.

ஆடிட்டர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில், பங்குதாரர்கள் மாதம் ஒரு தடவை கூடிப் பேச வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பி முதல் கூட்டத்தைப் போட்டேன். உறவுக்காரரோடு கூட்டுத் தொழில் செய்கிற வாசகர்கள் இந்த இடத்தில் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நான் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. காசு வேண்டாம், எடுத்துப் போகிற பெட்டியை வாசலில் தொங்குகிற சிலேட்டில் எழுதிவிட்டுப் போனால் போதும் என்றுதான் சொன்னேன். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். மறுநாள் மாமனார் வந்தார். அதற்கு மறுநாள் செல்வி என்னோடு பேசவில்லை. சிலேட்டு சும்மா தொங்குகிறதே என்று பச்சையம்மாள் அதில் பால்காரர் கணக்கை எழுத ஆரம்பித்தாள். கடைசியில் ஏழுமலையே மனசு இரங்கி வந்து எனக்குப் புரிய வைத்தான்:

"திருடறவன்தான் பயந்து பயந்து எண்ணி எடுப்பான். சொந்தக் கம்பெனில எடுக்கறத எவனாவது எழுதி வெப்பானா மாமா?"

லட்சுமி

எங்கள் சரக்கு போவது கிரிவலப் பாதைக் கடைகளுக்கு. தொண்ணூறுகளில் பௌர்ணமிக்குக் கூட்டம் ஏறிக்கொண்டே போயிற்று. மற்ற நாட்களில் மாடு குறுக்கே படுத்துக் கிடக்கிற பாதையில் அன்று கால் வைக்க இடம் இருக்காது. ஒரு மாதத்துச் சரக்கு ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடும். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குப் பொறாமையாக இருந்தது. விற்ற காசு கடைக்காரர் கல்லாவில் இருக்கிறது என்பதும், அங்கிருந்து அதை எங்கள் கைக்குக் கொண்டுவருவதுதான் தொழிலே என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

அடி அண்ணாமலையில் கடை வைத்திருந்த முனுசாமிதான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. பெரிய பாக்கியும் அவர்தான். பௌர்ணமி அன்று அவர் கல்லாவிலிருந்து காசு வெளியே போகக் கூடாது. மறுநாள் தூங்குவார். செவ்வாய்க்கிழமை கொடுக்க மாட்டார், வெள்ளிக்கிழமை அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. புதன்கிழமை போய் நின்றால், இப்போதுதான் பிஸ்கட் ஏஜென்ட் வாங்கிக்கொண்டு போனான், நீங்கள் ஒரு அரைமணி முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று வருத்தப்படுவார். வருத்தம் உண்மைதான், மோர் கொடுத்து அனுப்புவார். கொஞ்சம் அழுத்திப் பேசினால் வேலூர்ச் சரக்குக்கு மாறிவிடுவாரோ என்று நானும் மோரைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், பழைய பாக்கியை ஒரே தடவையாக முடித்துவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி என்று சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

"பாக்கி இருக்கறதாலதான சார் இந்தப் பக்கம் வர்றீங்க. தீத்துட்டா அப்புறம் யாரு வந்து என்னை விசாரிப்பாங்க?"

வளர்ச்சி

சிறுதொழில் செய்கிறவனைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரு வார்த்தை வந்துவிடுகிறது: வளரணும். ஒரு பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வளர்ச்சி, பின்னால் ஏற்றுமதி. ஏற்றுமதியில் நான் தூங்கிவிட்டேன். ஆனால் வளர்ச்சி மனசில் தங்கிவிட்டது. சென்னையில் ஒரு பெரிய கடையில் சரக்கு வாங்குகிற அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். டை கட்டிய பையன். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, கவர் சரியில்லை என்றான். கவரில் எடை வேண்டும், தேதி வேண்டும், கோடு கோடாக ஒரு கட்டம் வேண்டும். அச்சடிக்கிறவரோ கொஞ்சமாக அடிக்க முடியாது என்றார். கையில் இருந்த பணம் முழுக்கக் கவராக மாறியது. அந்தக் கவர்களில் முக்கால்வாசி இன்றைக்கும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. சரக்கு போய்ச் சேர்ந்து அறுபது நாள் கழித்துத்தான் பணம். அதற்குள் அவனிடமிருந்து போன் வந்தது. மிட்டாய் நன்றாகப் போகிறதாம், ஜனங்கள் கேட்டு வாங்குகிறார்களாம், அதனால் விலையைக் கம்மி பண்ண வேண்டுமாம். போகாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

"திருப்பி அனுப்பியிருப்போம் சார்."

கம்ப்யூட்டர்

கவரில் போன பணம் தவணைக்கு வைத்திருந்த பணம். இரண்டு மாதம் கட்டவில்லை. மூன்றாவதும் நின்றால் நோட்டீஸ், அப்புறம் செல்வியின் நிலம் ஏலத்துக்குப் போகும் என்று வங்கியில் மரியாதையாகவே சொன்னார்கள். தவணை ஐந்தாம் தேதி. அந்த வருஷம் பார்த்து, பௌர்ணமி மாதா மாதம் ஐந்தாம் தேதியைத் தாண்டியே வந்துகொண்டிருந்தது. வரும் பௌர்ணமி ஆறாம் தேதி. அதாவது, கையில் ஒன்றும் இல்லாத கடைசி நாளாகப் பார்த்து வங்கி என்னிடம் கை நீட்டியது.

நான் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு மேனேஜரிடம் போனேன். என் வரவு செலவு நிலாக் கணக்கு, உங்கள் கணக்கு இங்கிலீஷ் மாதம், தவணையை மாதா மாதம் பௌர்ணமிக்கு ஒரு வாரம் கழித்து வைத்துக்கொண்டால் ஒரு பைசா நிற்காது என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மெஷின் விஷயத்தை ஞாபகப்படுத்தவில்லை. மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்று என் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். நல்ல மனுஷன், அவரே ஒரு பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். எழுந்து வரும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்:

"எனக்குப் பௌர்ணமி தெரியும் சார். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

கிணறு

வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செல்வி கேட்டுக்கொண்டாள். எனக்குச் சோறு போட்டாள், பாத்திரம் கழுவினாள். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். கம்பெனியைப் பற்றி அவனிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கிணற்றைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள்.

மாமனார் நிலத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு ஏக்கராகப் பிரித்துக் கொடுத்திருந்தார். கிணற்றைப் பிரிக்க முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. செல்வியின் முறையிலும் ஏழுமலைதான் மோட்டார் போட்டுத் தன் நெல்லுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தான், அக்கா கேட்டதில்லை. நிலம் ஏலத்துக்குப் போனால் எடுப்பவனுக்குக் கிணற்றில் பாதி. ஐந்து வருஷமாக நான் வரவு செலவைக் காட்டிக் காட்டிப் பேசியும் அசையாத மனிதன், மறுநாள் ஆறு மணிக்கு ஷெட்டில் வந்து நின்றான். டீ வேண்டாம் என்றான். நாட்டையே நான் விற்றுவிட்ட மாதிரி பார்த்தான்.

"எவன்னே தெரியாதவன்கூட முறை வெச்சு நான் தண்ணி எறைக்கணுமா மாமா?"

வெள்ளிக்கிழமை

அந்த ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை. மறுநாள் பௌர்ணமி. வங்கியில் பணம் வாங்குவது இரண்டு மணி வரை. எப்போதும் சரக்கு வேனில் டிரைவர் பக்கத்தில் நான் உட்காருவேன். அன்று ஏழுமலை உட்கார்ந்தான், நான் பின்னால் பெட்டிகளோடு. முதல் கடை முனுசாமியுடையது. அலமாரியைக் காலி பண்ணித் துடைத்து வைத்துவிட்டு எங்களுக்காக வாசலிலேயே நின்றிருந்தார். டிரைவர் கதவைத் திறக்கப் போனபோது ஏழுமலை அவன் கையைப் பிடித்துக்கொண்டான். பழைய பாக்கியைக் கேட்டான்.

"இன்னா தம்பி, வெள்ளிக்கெழமையும் அதுவுமா," என்றார் முனுசாமி. "லட்சுமி வெளிய போகக் கூடாது."

"எங்களுக்கும் வெள்ளிக்கெழமதான். எங்க லட்சுமி வண்டிய விட்டு எறங்காது."

நான் மலையைப் பார்த்துக்கொண்டேன். வேலூர்ச் சரக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றார் முனுசாமி. தாராளமா வாங்குங்க என்று சொல்லிவிட்டு ஏழுமலை அவர் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து மோர் கேட்டான். வேலூருக்குச் சொல்லியனுப்பி, அவர்கள் ஏற்றி, வண்டி வந்து சேர நாளை சாயந்தரம் ஆகிவிடும். அதற்குள் பாதிக் கூட்டம் கடையைத் தாண்டிப் போய்விடும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஏழுமலை நிதானமாக மோரைக் குடித்து முடித்தான். பிறகு முனுசாமி கல்லாவை இழுத்துத் திறந்து வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் கொடுக்கல, நீயா எடுத்துக்கினு போ என்றார். ஏழுமலை பாக்கிக்குச் சரியாக எடுத்துக்கொண்டான். அடுத்த கடைக்கு நாங்கள் போவதற்குள் செய்தி முன்னால் போய்விட்டது. அங்கே கல்லா திறந்தே இருந்தது.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வங்கியில் இரண்டு தவணை கட்டினோம். நோட்டீஸ் இல்லை என்றார் மேனேஜர். தேதியை மாற்றச் சொன்ன என் மனுவை எடுத்து வைத்துக்கொண்டு, மேலே அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார் என்றேன். மாதத்தில் மற்ற எல்லா நாளும் எங்களுக்குக் கடைக்காரர்கள் வேண்டும், பௌர்ணமிக்கு முந்தின நாள் ஒன்றுதான் அவர்களுக்கு நாங்கள் வேண்டும், இனி அன்றைக்கே வசூலித்துத் தவணைக்கு எடுத்து வைத்துவிடுகிறோம் என்று விளக்கினேன். அவர் மனுவை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார்.

"அப்போ கம்ப்யூட்டர் சொன்னது சரிதான்னு சொல்றீங்க."

சிறுதொழிலை நடத்த என்ன வேண்டும் என்று இப்போது யாராவது கேட்டால், முதலும் மெஷினும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மச்சினனோடு பொதுவில் ஒரு கிணறு இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

அன்று ஷெட்டுக்குத் திரும்பியபோது அடுத்த பாகு ஏறியிருந்தது. நான் கரண்டியை வாங்கிக்கொண்டேன். ஏழுமலை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தான். வழக்கம்போல ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய் மோட்டார் சைக்கிளில் வைத்தான். வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்கவில்லை. திரும்பி வந்து, ஜன்னல் கட்டையில் சாக்பீஸைத் தேடி எடுத்து, சிலேட்டில் பால்காரர் கணக்குக்குக் கீழே தன் பேரையும் ஒரு பெட்டி என்றும் எழுதிவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனான்.